காற்றுக்குக் காத்த துறைகளும் வெயிலுக்கு அஞ்சிய மலைகளும்

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கோடை என்று தனியே ஒரு பருவம் கிடையாது; ஆண்டு முழுவதும் கோடைதான். பூமத்திய ரேகைக்குச் சில பாகைகளே வடக்கில் அமைந்த அந்நிலத்தில் தை மாதத்து நண்பகலும் ஆடி மாதத்து நண்பகலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காய்கின்றன. பிற்பகலில் இடி முழங்கி ஒரு மழை கொட்டுகிறது. மழை நின்ற சிறிது நேரத்துக்கெல்லாம் தார்ச்சாலை ஆவி விடுகிறது. இத்தகைய சீதோஷ்ணத்தில் மனிதர் கூடி ஊர் அமைப்பதென்றால் அதற்கு வலுவான காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். கரையோரத்துப் பழைய நகரங்களுக்கு அந்தக் காரணம் காற்று. உள்நாட்டு மலையூர்களுக்கு அது வெயில். காற்று திரும்பும் வரை காத்திருந்தவர்கள் எழுப்பியவை மலாக்காவும் பினாங்கும். வெயிலுக்கு அஞ்சி ஓடியவர்கள் எழுப்பியவை கொடிமலையும் கேமரன் மலையும். ஒரே பிரயாணத்தில் இவை இரண்டையும் பார்த்து வருகிற யாத்திரிகர், கீழே வியர்வையும் மேலே குளிரும் என்ற அளவில் வேற்றுமையைக் கண்டு திரும்பிவிடுவதுண்டு. ஆனால் தங்க வந்தவர்களின் ஊருக்கும் தப்ப வந்தவர்களின் ஊருக்கும் உள்ள வேற்றுமை, தெருவின் அகலத்திலும் வாசற்படியின் உயரத்திலும் கோயில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலுங்கூடத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

பாய்க்கப்பல் காலத்து வர்த்தகத்தின் முறையைச் சற்று நினைவுகூர்ந்தால் இது விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் உதவியால் சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்த கப்பல், வடகிழக்குக் காற்று எழும் வரை ஊர் திரும்ப இயலாது. வடகிழக்குக் காற்றில் பட்டும் பீங்கானும் ஏற்றித் தெற்கே இறங்கிய சீனக் கப்பலோ, தென்மேற்குக் காற்று வரும் வரை நங்கூரம் எடுக்க இயலாது. இரு திசைக் காற்றுகளும் வலுவிழந்து கடல் அமைதியாகக் கிடக்கும் இடம், சுமத்ராத் தீவு மேற்கே அரணாக நிற்கும் மலாக்கா நீரிணை. ஆகவே கப்பல்கள் அங்கே தங்கின. கப்பலில் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினர். தங்கியவர்களுக்குச் சரக்கு வைக்கக் கிட்டங்கியும், சமைத்துப் போட ஆளும், கும்பிடத் தெய்வமும், இறந்தால் புதைக்கவோ எரிக்கவோ ஓரிடமும் வேண்டியிருந்தன. அந்த நகரங்களில் இன்று நாம் வியந்து பார்க்கும் பழமையில் பெரும்பகுதி இந்தத் தேவைகளிலிருந்து பிறந்ததுதான்.

பினாங்குத் தீவுக்கு 1985இல் திறந்த நீண்ட பாலம் ஒன்று இருக்கிறது; அதன்மேல் காரில் விரைந்து போகலாம். ஆனால் பட்டர்வொர்த்தில் இரயிலை விட்டிறங்கிப் படகுத்துறைக்கு நடந்து, ஃபெர்ரியில் ஏறி, நகரம் நீர்மட்டத்திலிருந்து மெல்ல உயர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்வதுதான் முறை என்பேன். தீவின் நகரமான ஜார்ஜ் டவுன் கடல் வழியே வருபவர்களுக்காகத் தன் முகத்தை வைத்துக்கொண்ட ஊர். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கெடா சுல்தானுக்குரிய அத்தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட், துறையில் சுங்கம் இல்லை என்றும், காட்டை அழிப்பவனுக்கு அந்த நிலம் சொந்தம் என்றும் அறிவித்தார். வெட்டியாட்களுக்கு உற்சாகம் பிறக்கட்டும் என்று பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றும் ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, அந்த ஊரின் சுபாவத்துக்கு அது பொருத்தமான கதை.

லைட் வகுத்த தெருக்களில் ஒன்று பிட் தெரு. இப்போது அதற்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெரு என்று பெயர். அதன் வடகோடியில் 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம். சிறிது தூரத்தில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் ஆலயம், வாசலில் ஆளுயர ஊதுவத்திகள் எரிய, எந்நேரமும் புகை மண்டியபடி. அதையடுத்துப் பக்கத்துத் தெருவில் வாசல் வைத்து 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பின்னர், காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் 1801இல் பெற்ற நிலத்தில் தோன்றிய பள்ளிவாசல். இவை யாவும் பத்து நிமிட நடையில் அடங்குகின்றன. சூலியா தெருவுக்குத் திரும்பினால் நாகூர் ஆண்டகை பெயரில் ஒரு தர்கா நிற்கிறது. ஆண்டகை அடக்கமானது நம் நாகூரில்தான் என்றாலும், கடல் கடந்தவர்கள் தம்மைக் கரை சேர்த்தவரை நினைக்க அங்கும் ஓரிடம் செய்துகொண்டார்கள்.

இத்தெருக்களில் வெயிலில் நடக்க வேண்டியதில்லை. கடைவீடுகள் ஒவ்வொன்றும் முன்புறத்தில் ஐந்தடி அகலத்துக்குக் கூரையிட்ட நடைவழியை ஊருக்கென்று விட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. அங்குள்ள தமிழர் அதை ‘அஞ்சடி’ என்கின்றனர். ஒரு வீட்டின் அஞ்சடியில் பூத்தொடுக்கும் பலகை, அடுத்த வீட்டின் அஞ்சடியில் பிரம்பு பின்னுகிற கிழவர், அதற்கடுத்து சாமிபடமும் வெற்றிலையும் விற்கும் கடை என்று, தளம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, ஓட்டுத்தரை மாறி மாறி, ஒருவர் வீட்டுத் திண்ணையிலிருந்து மற்றொருவர் வீட்டுத் திண்ணைக்குத் தாவிப் போவது போலத் தெருவைக் கடந்துவிடலாம். பசித்தால் நாசி கண்டார் கடை. தோளில் கம்பு தாங்கி இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுவந்த தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய உணவு அது. வரிசையில் நின்று, முறை வந்ததும், “பாய், எல்லாக் குழம்பும் கலந்து ஊத்துங்க” என்று சொல்லிவிட்டால் போதும். கோழிக் குழம்பும் மீன் குழம்பும் மாட்டுக் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிச் சோறு மூழ்கிவிடும். சைவ உணவினர் இவ்விடத்தில் என்னை மன்னிக்க.

இந்தத் தீவுக்குக் காத்திருக்கும் எண்ணத்தோடு வராதவர்களும் உண்டு. அவர்களைக் கம்பெனியார் விலங்கிட்டுக் கொண்டுவந்தனர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் குடியேற்றமாகவும் பினாங்கு நெடுங்காலம் இருந்தது. தெருக்களுக்கு மண் அடித்ததும், புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குச் செங்கல் சுமந்ததும் அவர்களே. 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பின்னர், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், கிளர்ச்சியில் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். அவர்களுள் ஒருவன் சின்ன மருதுவின் இளம்பிராயத்து மகன் துரைசாமி. மருதுவோடு முன்னர் நட்புக் கொண்டிருந்து, அவரிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்று, பிறகு அவரை எதிர்த்துப் போரிட நேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதி, 1818இல் பினாங்குக்கு வந்தபோது, தம் முன்னே வந்து நின்ற தளர்ந்த உருவத்தை முதலில் அறிந்துகொள்ளவில்லை; பெயரைச் சொல்லக் கேட்ட பின்னரே அது துரைசாமி என்று தெரிந்து நெஞ்சுருகியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். சிவகங்கைச் சீமையிலிருந்து செல்லும் யாத்திரிகர்கள், ஜார்ஜ் டவுனின் பழைய கோட்டைப் பக்கம் போகும்போது இதை நினைத்துக்கொள்வார்களாக. அங்கே நினைவூட்டுவதற்கு ஆள் இல்லை.

ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் ‘மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள்’ என்ற பெயரில் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பழைய வீடுகள் அதுவரை இடியாமல் நின்றதற்கு யாருடைய கலையுணர்வையும் காரணமாகச் சொல்ல இயலாது. வாடகைச் சட்டந்தான் காரணம். 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்தக் கூடாது என்றிருந்த சட்டத்தினால், வீட்டுக்காரருக்கு இடித்துக் கட்டவும் வழியில்லை, பழுது பார்க்கவும் மனமில்லை; தச்சரும் தையற்காரரும் பூக்காரியும் சொற்ப வாடகையில் நகரத்தின் நடுவிலேயே குடியிருந்தனர். 1997இல் அச்சட்டத்தை நீக்கி, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முற்றும் விலகியபோது வாடகை ஏறியது. குடியிருந்தோர் புறநகர்களுக்குப் போயினர். வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிறகு மரபுப் பட்டியல் வந்தது. பூட்டிய வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் திறந்தன. 2012இல் ஒரு லிதுவேனிய ஓவியர் ஆர்மீனியன் தெருச் சுவரில், மெய்யான பழைய மிதிவண்டி ஒன்றைப் பதித்து அதன்மேல் இரு குழந்தைகளைத் தீட்டினார். அன்று முதல் அச்சுவரின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. வரிசையில் நிற்பதைக் குற்றமாகச் சொல்லேன். ஆனால் காலை ஏழு மணிக்கு அதே தெருவுக்குப் போனால், மீந்திருக்கிற சில குடித்தனக்காரர்கள் வாசல் பெருக்குவதையும், செந்நிறப் பலிமேடையில் ஊதுவத்தி வைப்பதையும் பார்க்கலாம்; அது எந்தச் சுவரோவியத்திலும் இல்லாதது.

தைப்பூசத்தை ஒட்டிச் செல்பவர்களுக்கு மற்றொரு பேறு உண்டு. நகரத்து நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளி இரதத்தில் புறப்பட்டுத் தண்ணீர்மலை அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு பகல் கழிந்து இரவும் வந்துவிடும். வழியெங்கும் தேங்காய்களைக் குவித்துவைத்துச் சாலையில் அறைந்து உடைப்பவர்களில் பாதிப்பேர் சீனர்கள் என்று சொன்னால் மிகையாகாது. அவர்களுக்கு வேண்டுதல் பலித்திருக்கிறது. தெய்வம் எந்த நாட்டுக் கப்பலில் வந்தது என்று அவர்கள் விசாரிப்பதில்லை.

இனி மலைக்கு ஏறுவோம். ஜார்ஜ் டவுனுக்குப் பின்புறத்தில் எழுகிற கொடிமலை, ஏறத்தாழ 830 மீட்டர் உயரம். லைட்டின் காலத்திலேயே அதற்குப் பாதை வெட்டி உச்சியில் செடி பயிரிட்டுப் பார்த்தார்கள். நம் உதகமண்டலத்தில் சல்லிவன் துரை வீடு கட்டுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் குளிர் தேடி ஏறிய மலை அது. மலேரியாக் காய்ச்சல் சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றினால் வருகிறது என்று அக்காலத்து வைத்தியர்கள் உறுதியாக நம்பியதால், உயரத்துக்குப் போவது அவர்களுக்கு உல்லாசம் மட்டுமன்று, ஔஷதமும் ஆகும். ஔஷதம் உண்ணப் போனவர்கள் நடந்து போகவில்லை. கூலியாட்கள் டோலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். கம்பியால் இழுக்கும் மலை இரயில் அமைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்த முயற்சி தோற்று, பிறகு 1923இல் வண்டி ஓடி, 1924 பிறந்ததும் முறையாகத் திறப்புவிழா நடந்தது. நடுவழியில் ஒரு நிலையத்தில் இறங்கி வண்டி மாறும் பழைய ஏற்பாடு 2010ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இப்போது சுவிட்சர்லாந்துப் பெட்டி ஒரே மூச்சில் மேலே கொண்டுபோய் விடுகிறது. ஐந்தாறு பாகை வெப்பம் குறைகிறது. கீழே நகரமும் நீரிணையும் பாலமும் தெளிவாகத் தெரிகின்றன. உச்சியில் பங்களாக்களுக்கு அருகே ஒரு முருகன் கோயிலும் அதன் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. துரைமார் தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட சிகரத்தில் இவை எப்படி வந்தன என்று கேட்பவர்கள், துரைமாரைத் தூக்கி வந்தவர்களும் காவல் நின்றவர்களும் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

மலையூர்களின் வரிசையில் தைப்பிங்கையும் ஃபிரேசர் மலையையும் விரைவாகவே கடந்துவிடலாம். தைப்பிங், வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர். மலாயாவின் முதல் இரயில் 1885இல் அங்கிருந்துதான் கடற்கரைக்கு ஓடிற்று, அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தனர். அதன் தலைமேல் நிற்கும் மலையில் 1884லேயே பங்களா தோன்றிவிட்டது. ஆயினும் தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று அது என்பதால், போனவர்கள் பெரும்பாலும் மேகத்தின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஃபிரேசர் மலை பறவை பார்க்கும் பிரியர்களுக்குரியது. 1951இல் அங்கே ஓய்வெடுக்கச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி, வளைந்து நெளிந்த அந்தச் சாலையில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெயிலுக்குத் தப்பலாம், காலத்துக்குத் தப்ப முடியாது என்பதை ஆட்சியாளர் உணர்ந்தது அந்த வளைவில்தான் போலும்.

கேமரன் மலை விஷயம் வேறு. அங்கே சில நாட்கள் தங்க வேண்டும். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவை உத்தியோகஸ்தர் தித்திவாங்சா மலைத்தொடரின் உள்ளே விரிந்த பீடபூமி ஒன்றைக் கண்டதாக எழுதினார். ஆனால் அதன் இடத்தைச் சரியாக வரைபடத்தில் குறித்துவைக்காமையால் பின்வந்தவர்கள் அதை மறுபடியும் தேட வேண்டியதாயிற்று. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த செமாய் ஆதிக்குடிகளைக் கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார்கள். 1925இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் என்ற உயர்ந்த அதிகாரி நேரில் சென்று பார்த்துத் திரும்பி, மலையூர் அமைக்க இதுவே தகுந்த ஸ்தலம் என்று வாதாடினார். தாப்பாவிலிருந்து காட்டை வெட்டி வளைத்து வளைத்து மேலேறிய சாலை 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆயினும் அடுத்தடுத்து வரும் வளைவுகளினால், காலையுணவைக் குறைத்துக்கொண்டு ஏறுவது உத்தமம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊர்கள் வருகின்றன; தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். பகலில் இருபதை ஒட்டிய வெப்பம். இரவில் கம்பளி வேண்டும்.

சாலை முடிவதற்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தோட்டத்தொழிலில் பழகிய மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இந்தியக் குடும்பம் ஒன்றின் பாரத் தேயிலையும் எழுந்தது. கோவேறு கழுதையைக் கொண்டு நிலம் திருத்திய அந்தக் காலத்திலிருந்து, கொழுந்து பறித்தவர்கள் தமிழர்களே. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களின் உள்ளேயும் தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. பிரிஞ்சாங்கில் கோபுரத்தோடு கூடிய தண்டாயுதபாணி கோயில், காய்கறிக் கடைகளின் ஆரவாரத்துக்கு மேலே நிற்கிறது. கொழுந்து பறித்தவர்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் படித்துச் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். இப்போது கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். கூடை சுமந்து இருவிரலால் இலை கிள்ளும் பெண்ணின் படம் அங்காடியில் விற்கும் டப்பாக்களில்தான் இருக்கிறது; சரிவில் நின்று பார்த்தால், இருவர் புதர் வரிசையின் இருபுறமும் நின்று இயந்திரக் கத்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, வெட்டுண்ட இலை அதன் பின்னால் கட்டிய நீண்ட பையில் பறந்து விழுந்து பை காற்றடைத்ததுபோல் உப்புவதைக் காணலாம். செங்குத்தான சரிவுகளில் மட்டும் கைக்கத்தரி. சுங்கை பாலாஸ் தொழிற்சாலையில் இலை வாடுவதும் உருள்வதும் நொதிப்பதும் உலர்வதுமாகிய நான்கு படிகளையும் அருகிலிருந்தே காட்டுகிறார்கள். நொதிக்கும் அறையில் அடிக்கிற, பச்சை மாறிப் பழுத்துவரும் வாசனைக்காகவே அங்கே போகலாம்.

தேயிலைச் சரிவுகளுக்கும் மேலே, 2,000 மீட்டருக்குச் சற்று மிகுந்த பிரிஞ்சாங் சிகரத்தை ஒட்டி, பாசிக்காடு என்று சொல்லப்படும் வனம் இருக்கிறது. மேகம் நாள்தோறும் புகுந்து கிடப்பதால் அங்கே மரங்கள் ஓங்கி வளராமல் முறுகிக் குறுகி, வேரிலிருந்து நுனிவரை பாசி போர்த்தி நிற்கின்றன. மரநடைபாதையில் நின்றபடி ஒரு கிளையைத் தொட்டால் விரல் முழுவதும் உள்ளே அமிழ்கிறது. எடுத்தால் குளிர்ந்த நீர் மணிக்கட்டு வரை வழிகிறது. பாசிக்கிடையே குடுவைச் செடிகள் மூடி திறந்து பூச்சிக்காகக் காத்திருக்கின்றன. மேகத்தின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஆறுகளுக்கு விடுவது இந்தப் பாசிதான்; ஆகவே பாதையை விட்டு இறங்கிப் படம் எடுக்க வேண்டாம் என்று காவலர்கள் கண்டிப்பதை அவர்களுடைய முரட்டுத்தனமாக எண்ணலாகாது.

வெயிலுக்கு அஞ்சியவர்கள் விட்டுச் சென்ற வீடுகளையும் பார்க்க வேண்டும். 1937இல் திறந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதி, வெண்சுவரில் கருமரச் சட்டம் பதித்து, முன்னால் ரோஜாப் பாத்தி வைத்து, இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து பெயர்த்து வந்ததுபோல் நிற்கிறது. உள்ளே கணப்பு உண்டு. 1967 ஈஸ்டர் ஞாயிறன்று, தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தை தேடித்தந்த ஜிம் தாம்ஸன் என்ற அமெரிக்கர், தானா ராத்தா அருகே நண்பர் பங்களாவிலிருந்து பிற்பகலில் உலாவப் போனவர் திரும்பவேயில்லை; பெரும் படையாகத் தேடியும் ஒரு சுவடும் கிட்டவில்லை. வழிகாட்டிகள் இன்றும் இந்தக் கதையை ஆளுக்கொரு முடிவோடு சொல்கின்றனர். அதைக் கேட்டுக்கொண்டே சுற்றிலும் கவனித்தால், பங்களாக்களைச் சுற்றிப் பள்ளத்தாக்கு முழுவதும் பிளாஸ்டிக் கூரை மூடிக் கிடப்பது தெரியும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கோசும் தக்காளியும் பூவும் போவது அந்தக் கூரைகளின் கீழிருந்துதான். மரத்தை வெட்டிச் சரிவை மழிக்க, மண் கரைந்து ரிங்லெட் ஏரியில் சேருகிறது. 1963இல் மின்சாரத்துக்காக அணைகட்டி உண்டாக்கிய ஏரி அது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் கீழுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஸ்ட்ராபெரி பறிக்கப் போகும் குடும்பங்களை நான் தடுக்கவில்லை. பழம் புளிக்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மலையிலிருந்து இறங்கிய பிறகே மலாக்காவுக்குப் போக வேண்டும் என்பேன். பலரும் கோலாலம்பூரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பும் ஊராக அதை வைத்திருப்பது அநியாயம். 1400ஆம் ஆண்டை ஒட்டிப் பரமேசுவரன் என்ற இளவரசன் அமைத்த அத்துறைமுகத்தில், வந்த வணிகரைத் திசைவாரியாகப் பிரித்து துறைமுக அதிகாரிகளான நான்கு ஷாபந்தர்கள் மேற்பார்த்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரையாரும் வங்கத்தாரும் பெகுவாரும் சேர்ந்த கூட்டத்துக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனம் முதலிய நாட்டினர்க்கு ஒருவர். அவ்வூரில் 84 மொழிகள் பேசக் கேட்கலாம் என்று, 1511இல் போர்த்துக்கீசியர் அதைப் பிடித்ததற்குச் சற்றுப் பின்னர் அங்கே தங்கிய தோமே பீரிஸ் என்னும் மருந்துச் சரக்காளர் எழுதினார். மொழிகளை எண்ணியவர் கையில் எந்தக் கணக்கு இருந்ததோ. ஆனால் பல மொழி பேசுபவர்கள் காத்திருக்கிற ஊர் என்பது நிச்சயம். போர்த்துக்கீசியர் கட்டிய பெருங்கோட்டையை, 1641இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் செப்பனிட்டு வைத்திருந்தனர். 1807இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். முழுதும் போகாமல் மிஞ்சிய ஒற்றை வாசலுக்கு ராபிள்ஸ் துரையின் பரிந்துரை காரணம் என்பர். மேலே குன்றின்மீது கூரையற்று நிற்கும் புனித பவுல் ஆலயத்தில், முத்துக்குளித்துறை மீனவரிடையே ஊழியம் செய்த சவேரியாரின் உடலை 1553இல் சில மாதங்கள் அடக்கிவைத்திருந்து பிறகு கோவாவுக்குக் கொண்டுபோயினர்.

ஆற்றுக்கு மறுகரையில் தட்டார் தெரு. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி கோயிலை அடுத்துள்ள கம்போங் கெலிங் பள்ளிவாசலை அருகில் நின்று பார்க்க வேண்டும்: சுமத்ரா பாணியில் மூன்றடுக்காகக் கூம்பிய ஓட்டுக்கூரை, பக்கத்தில் சீனப் பகோடா போன்ற ஸ்தூபி, உள்ளே கொரிந்தியத் தூண்கள், சுவரிலும் தரையிலும் ஐரோப்பிய வண்ண ஓடு, நடுவில் விக்டோரியா காலத்துச் சரவிளக்கு. சிற்ப சாஸ்திரத்துக்கு ஒவ்வாத கலவை என்று ஒரு பண்டிதர் சொல்லக்கூடும். கப்பலில் எது வந்ததோ அதைக்கொண்டு கட்டியவர்களுக்கு அது தெரியாது. தொழுகைக்கு அழகாகவே இருக்கிறது.

விநாயகர் கோயிலை நடத்துபவர்கள் மலாக்காச் செட்டிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொடுக்கல்வாங்கலுக்கு வந்து, முறை முடிந்ததும் ஊர் திரும்பிய நகரத்தார் வேறு. இவர்கள் சுல்தான்கள் காலத்திலேயே வந்து, காற்று திரும்பியும் திரும்பாமல் தங்கிவிட்ட வணிகர்களின் வழித்தோன்றல்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, வர்த்தகம் கைநழுவிய பின் நகர எல்லையில் காஜா பெராங் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். சமையலில் மிளகாயும் தேங்காய்ப்பாலும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் கலக்கும். வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் திருநீறு, வழிபாடு சைவம். போகியன்று முன்னோர்க்கு வாழையிலை விரித்து, சோறும் கறியும் பலகாரமும் அவரவர் விரும்பி உண்டவையுமாகப் படைத்து, சாம்பிராணி காட்டிக் கதவைச் சற்று நேரம் சாத்திவைத்துவிட்டுப் பிறகு குடும்பத்தார் உண்கின்றனர். தமிழே பேசாத ஒருவர் வீட்டில் இந்தப் படையலைப் பார்க்கிற தமிழ்நாட்டுக்காரர், இலை போட்டிருக்கும் திசையைப் பார்த்தே தம் வீட்டை அடையாளம் கண்டுகொள்வார்.

கிராமத்தை ஒட்டி அடுக்குமாடிகள் எழுவதை எதிர்த்து இம்மக்கள் சில ஆண்டுகளுக்கு முன் முறையிட்டனர். ஆயினும் நகரம் நெருங்கிவந்துகொண்டுதான் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் ஆற்றங்கரையோடு நின்றுவிடுவதால், செட்டிக் கிராமத்துக்குத் தனியே கேட்டுத்தான் போக வேண்டும். சிறிய காட்சிக்கூடம் ஒன்று உண்டு. ஜனவரியில் போனால் போகிப் படையல். மே மாதத்தை ஒட்டிப் போனால் மாரியம்மன் திருவிழா. படையலுக்கு அழைக்கப்படாமல் போக வேண்டாம். முந்தின நாளே கோயிலில் விசாரித்தால் அழைத்துப் போக ஆள் கிடைக்கும்.